விசாவுக்குப் போய் நிவாரணம் கேட்ட கதை

அதிகாரி முன்னால் தன்னிடம் இருப்பதை இருக்கிறது என்று சொன்ன விவசாயியை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. நானும் சொன்னதில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கும் சொல்லவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருவாரூர் பக்கம். பதினைந்து மா நிலம் (ஏக்கர் கணக்கில் ஐந்து). ஒரு பம்புசெட், இரண்டு கறவை மாடு, ஒரு ஓட்டு வீடு. பள்ளிக்கூடம் ஆறாவதோடு முடிந்தது. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. என் மனைவி தையல்நாயகி என் பங்கையும் சேர்த்துப் பேசிவிடுவாள். அதனால் வீட்டில் குறை தெரியவில்லை.

எங்களுக்கு ஒரே மகள், மீனா. படித்தாள், கல்யாணம் ஆனது, மாப்பிள்ளையோடு வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாள். எந்த நாடு என்று எழுதக்கூடாது என்று தையலு சொல்லிவிட்டாள். (மறுபடியும் அவர்களிடம்தான் போய் நிற்கவேண்டும்.)

மீனா உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். ஆனால் அவளுக்கு ரத்த அழுத்தம் இருந்தது. விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குத் தாயார் இல்லை. பிரசவம் பார்த்து, பத்தியம் சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்ட அங்கே ஆள் கிடையாது. ஆக, தாய்வீடுதான் விமானம் ஏறவேண்டும் என்று முடிவானது.

பாஸ்போர்ட் எடுத்தோம். விசாவுக்கு மனுப் போட்டோம். சென்னையில் நேரில் வரச்சொல்லித் தேதி கொடுத்தார்கள்.

செய்தி டீக்கடைக்குப் போனது. அந்த ஒரு மாதம் நான் ஊரில் பெரிய ஆள்.

"மாமா, விசா கெடச்சா அப்படியே அங்க இருந்துடலாமா?"

"இல்லை. விசான்னா விருந்தாளி மாதிரி. இருந்துக்கறதுக்கு வேற காயிதம்."

"அந்தக் காயிதம் எப்பத் தருவாங்க?"

"வேலை பார்க்கணும், வரி கட்டணும், பல வருஷம் ஆகும். மீனாவே இன்னும் வாங்கலை."

"விருந்தாளியாப் போயி அங்க ஏதாவது வேலை வெட்டி பார்க்கலாமா மாமா?"

"கூடாது. புடிச்சா அனுப்பிடுவான்."

எல்லாம் மீனா சொல்லிக்கொடுத்தது. நான் சொந்தமாகக் கண்டுபிடித்ததுபோல டீயை ஆற்றிக்கொண்டே சொல்வேன்.

மீனா எங்களைச் சும்மா விடவில்லை. விசா சன்னலில் கேட்கும் கேள்விகளை வரிசையாக எழுதி அனுப்பினாள். தினமும் காலையில் போனில் பரீட்சை. நான் வரப்பில் நின்றபடி பதில் சொல்வேன்.

"அப்பா, எதுக்கு வர்றீங்க?"

"ஒனக்குப் பிரசவம்."

"எனக்குன்னு சொல்லக்கூடாதுப்பா. நான்தான் இப்ப ஆபீசர். மகளுக்குன்னு சொல்லணும். எத்தனை நாள் தங்குவீங்க?"

"நாலு மாசம்."

"திரும்பி வருவீங்களா?"

"சம்பாவுக்கு வந்துடுவேன். நெலம் இருக்கு, மாடு இருக்கு."

"ஆங், இதுதான்ப்பா முக்கியம். அவங்களுக்கு ஒரே பயம்தான், வந்தவங்க திரும்பிப் போகாம அங்கயே தங்கிடுவாங்களோன்னு. ஊர்ல என்னவெல்லாம் இருக்கோ எல்லாத்தையும் சொல்லுங்க. ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

"சரி."

பரீட்சையில் நான் ஒரு நாளும் தவறியதில்லை. தையலுதான் தடுமாறுவாள். மாட்டின் பேரையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். "அம்மா, நீ பேசாத. அப்பாவே பேசட்டும்" என்று மீனா தீர்ப்புச் சொன்னாள். (இந்தத் தீர்ப்பை அவள் இன்றைக்கு ஒப்புக்கொள்வதில்லை.)

இங்கே இன்னொரு விஷயம் சொல்லவேண்டும். அந்தத் தை மாதம், கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்ற நேரத்தில், மூன்று நாள் மழை அடித்தது. பள்ளத்தில் இருந்த ஆறு மாவில் தண்ணீர் வடியவில்லை. நெல் கதிரிலேயே முளைத்துவிட்டது. மேட்டு வயல் ஒன்பது மா தப்பித்தது.

சேதத்தைக் கணக்கெடுக்க முதலில் வி.ஏ.ஓ. வந்தார். அப்புறம் விவசாயத் துறையிலிருந்து வந்தார்கள். அப்புறம் வெளியூரிலிருந்து ஒரு குழு ஜீப்பில் வந்து இறங்கியது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான். பேப்பரை எடுப்பார்கள், பேனா மூடியைக் கழற்றுவார்கள், தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்கள். எவ்வளவு நிலம்? எவ்வளவு போச்சு? இப்ப என்ன இருக்கு?

நாங்களும் ஒரே மாதிரிதான். அழுகிய கதிரைக் கையில் பிடித்துக்கொள்வோம். "எல்லாம் தண்ணியில போச்சுங்க. ஒண்ணும் இல்லைங்க. நீங்களாப் பார்த்து ஏதாவது செய்யணும்." இது நானாக யோசித்த பேச்சு இல்லை. என் அப்பா சொன்னார். அவருக்கு முன்னால் யார் சொன்னாரோ. மேட்டு வயல் பக்கம் யாரும் கேட்கவில்லை. நானும் கை நீட்டிக் காட்டவில்லை.

அந்த மாசியில்தான் எங்களுக்கு விசாத் தேதி. வாய் நல்ல பழக்கத்தில் இருந்தது.

முதல் நாளே சென்னைக்குப் போய் லாட்ஜில் தங்கினோம். காலையில் வரிசையில் நின்றோம். காகிதம் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் இருந்தது. பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரிகை, மாப்பிள்ளை அனுப்பிய கடிதம், பட்டா, சிட்டா. நிவாரண மனுவுக்காகப் முந்தின வாரம் எடுத்துப்போன அதே பை. பை ஒன்றுதான் இருந்தது.

கண்ணாடிச் சன்னல். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண், மீனா வயசுதான் இருக்கும். பக்கத்தில் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு அம்மா. வெள்ளைக்காரப் பெண் "வணக்கம்" என்றது. நல்ல சகுனம் என்று தையலு என் முதுகில் தட்டினாள்.

"எதுக்குப் போறீங்க ஐயா?"

"மகளுக்குப் பிரசவங்க."

"செலவெல்லாம் யார் பார்த்துக்கறாங்க?"

"மாப்பிள்ளைங்க."

"இதுக்கு முன்னாடி வெளிநாடு போயிருக்கீங்களா?"

"இல்லைங்க."

"காரைக்கால் போயிருக்கோம்" என்றாள் தையலு. காலை மிதித்தேன்.

அதுவரைக்கும் எல்லாம் சரி. அப்போது அந்த வெள்ளைக்காரப் பெண் ஒரு பேப்பரை இழுத்தது. பேனா மூடியைக் கழற்றியது. தலையைக் குனிந்துகொண்டு ஏதோ கேட்டது.

"ஐயா, உங்களுக்கு எவ்வளவு நெலம் இருக்குன்னு கேக்கறாங்க" என்றார் அந்த அம்மா.

எனக்குள் என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. முதுகு தானாக வளைந்தது. தோளில் இருந்த துண்டு கைக்கு வந்தது.

"ஏதோ கொஞ்சம் இருந்துதுங்க."

"இருந்துதா? இப்ப?"

"எல்லாம் தண்ணியில போச்சுங்க."

அந்த அம்மா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு எடுத்துச் சொன்னார். வெள்ளைக்காரப் பெண் எழுதுவதை நிறுத்தியது.

"எல்லாமேவான்னு கேக்கறாங்க ஐயா."

"அடியோட அழுகிப் போச்சுங்க. மாடுகூட வாய் வைக்கலை. படம் இருக்குங்க."

பைக்குள் கை போனது. கை எடுத்தது பட்டாவை இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, முளைத்த கதிரை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நான் எடுத்துக்கொண்ட போட்டோவை. கண்ணாடியில் வைத்து அமுக்கிப் பிடித்தேன். அந்தப் பெண் போட்டோவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி போட்டோவைப் பார்த்தது. ஆள் ஒன்றுதான் என்பதில் அதற்குச் சந்தேகம் இருந்திருக்காது. நேரிலும் என் முகம் அப்படியே இருந்தது.

தையலு என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். கூட்டத்தில் தள்ளுகிறார்கள் என்று நினைத்தேன். (எங்களுக்குப் பின்னால் யாருமே இல்லை.)

"நெலத்தை விட்டா வேற வருமானம்?"

"ஏதுங்க."

"ஊர்ல வேற யார் இருக்காங்க உங்களுக்கு?"

"யாரும் இல்லைங்க. ஒரே பொண்ணு. அவளும் இப்ப உங்க ஊர்லதான் இருக்கா."

"எத்தனை நாள் தங்கறதா இருக்கீங்க?"

நாலு மாதம். வரப்பில் நின்று நூறு தடவை சொன்ன பதில்.

"நீங்களாப் பார்த்துக் குடுக்கறதுதாங்க" என்றேன்.

அந்த அம்மா கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்தார். பிறகு மெதுவாக, எனக்கு இன்னொரு வழி விடுகிறவர் போலக் கேட்டார். "ஐயா, பிரசவம் முடிஞ்சதும் திரும்பி வந்துடுவீங்கல்ல?"

"வந்து என்னங்க பண்றது?" என்று கும்பிட்டேன். "நீங்கதான் ஏதாவது பார்த்துச் செய்யணும்."

நான் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

தையலு என்னைத் தள்ளிவிட்டுச் சன்னலுக்கு வந்தாள்.

"இவரு சொல்றதெல்லாம் பொய்யிங்க! பதினஞ்சு மா நெலம் இருக்கு. மோட்டாரு இருக்கு. லெச்சுமி, காவேரின்னு ரெண்டு மாடு. லெச்சுமி செனையா இருக்கு. வீடு இருக்கு. எல்லாம் இருக்கு!"

வெள்ளைக்காரப் பெண் அவளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. அந்த அம்மா கேட்டார், "ஐயா, இதுல எது நெசம்?"

யோசித்தேன்.

"ரெண்டுந்தாங்க."

ஒரு சீட்டும் பாஸ்போர்ட்டும் சன்னலுக்கு அடியில் வந்தன. இப்போதைக்கு விசா இல்லை, திரும்பி வருவோம் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை, மறுபடி மனுப் போடலாம் என்று அந்த அம்மா சொன்னார். அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் எனக்கு நானே கொடுத்திருக்கமாட்டேன்.

பகல் ரயிலில் திரும்பினோம். விழுப்புரம் வந்தது, கடலூர் வந்தது, தையலு பேசவில்லை. சிதம்பரம் தாண்டித்தான் வாயைத் திறந்தாள்.

"மேட்டு வயல் ஒம்போது மா தப்பிச்சுதே. அதையாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"கேக்கலையே."

"பின்ன அவ வேற என்னத்தத்தான் கேட்டா?"

சன்னலில் கொடுத்த சீட்டை எடுத்து மறுபடி மடித்து வைத்தேன்.

"எம்பொண்ணு தனியாக் கெடந்து பெத்துக்கப் போறா" என்றாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது குறைவு. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே அறுத்த வயல், ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் யாரோ ஒருவரிடம் இருக்கிற நிலம்.

வீட்டுக்கு வந்து போனில் மீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம்.

"போட்டோவைக் காட்டினீங்களாப்பா?"

"ஆமா."

"கண்ணாடியில வச்சா?"

"ஆமா."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். நடுவில் அது அழுகையாக மாறியது எனக்குத் தெரிந்தது. "அம்மா மட்டுமாவது வரட்டும்ப்பா" என்றாள். "எனக்குப் பயமா இருக்கு."

மறுபடி மனுப் போட்டோம், தையலு பேரில் மட்டும். சித்திரையில் தேதி கிடைத்தது. இந்தத் தடவை புதுப் பை. வாசல் வரைக்கும்தான் நான். உள்ளே போகுமுன் அவள் பையைத் திறந்து தாள் தாளாகப் பார்த்தாள். அந்த போட்டோ ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. எடுத்து என் சட்டைப்பையில் வைத்தாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். இங்கயே நில்லுங்க. யார்கிட்டயும் பேசாதீங்க."

எதிர்ப் பக்கம் இளநீர்க் கடை. ஓரமாக நின்றேன். இளநீர்க்காரர் "எந்த ஊரு பெரியவரே?" என்றார். பதில் சொல்லவில்லை. உத்தரவு அப்படி.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். பாஸ்போர்ட்டை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டார்களாம். விசா ஒட்டித்தான் அனுப்புவார்களாம். எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"என்ன கேட்டாங்க?"

"வேற ஆபீசரு. ஆம்பளை. போன தடவை எழுதினதெல்லாம் அவருகிட்ட இருக்கு. நீங்க திரும்பி வருவீங்கன்னு எப்படி நம்பறதுன்னாரு."

"நெலம் இருக்குன்னு சொன்னியா?"

"நெலத்தைப் பத்தித்தான் நீங்க ஏற்கெனவே சொல்லிட்டீங்களே, அதை எங்க நம்பப் போறாங்க? வீட்ல ஒருத்தர் இருக்காருங்க, அவரைத் தனியா வெளியில பேச விடமுடியாது, போன தடவை என்ன நடந்துச்சுன்னு அதுலயே எழுதியிருக்கும், பார்த்துக்கங்க, நான் திரும்பி வந்தே ஆகணும்னேன்."

"அதுக்கு?"

"எழுதினதைப் படிச்சாரு. சிரிச்சாரு. சரி போயிட்டு வாங்கன்னுட்டாரு."

நிலம், பம்புசெட், மாடு, வீடு எதுவும் செல்லவில்லை. நான் செல்லுபடியானேன்.

வைகாசியில் குழந்தை பிறந்தது. பெண். தையலு பக்கத்தில் இருந்தாள். நான் நாற்றங்காலுக்குச் சேறு அடித்துக்கொண்டிருந்தேன். போனைப் பார்க்கக் கையைக் கழுவ வேண்டியிருந்தது. முகம் சரியாகத் தெரியவில்லை. வெயில் என்று சொன்னேன். நாலு மாதம் நானே பொங்கி நானே தின்றேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. லெச்சுமிதான் கழுநீர் அதிகமாகக் கிடைத்ததில் கொஞ்சம் பெருத்துவிட்டது.

சொன்ன நாளில் தையலு திரும்பி வந்தாள்.

இப்போது ஊரில் யார் விசாவுக்குப் போனாலும் முதலில் என்னிடம் வருகிறார்கள். "மாமா, நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்பார்கள். வரிசையாகச் சொல்வேன். அதில் எதையும் சொல்லாமல் வருகிறார்கள். எல்லாருக்கும் கிடைத்துவிடுகிறது.

இந்தப் பொங்கலுக்கு மீனா வந்திருந்தாள். பேத்தி யாழினிக்கு நாலு வயது. அங்கே பிறந்ததால் அவள் பாஸ்போர்ட் அந்த நாட்டுப் பாஸ்போர்ட். எங்கள் வீட்டுக்கு வர அவளுக்கு விசா வாங்கியிருக்கிறார்கள்.

காலையில் நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். முறுக்குச் சம்படம் என் பக்கத்தில் இருந்தது. பேத்தி அந்தப் பக்கமாகப் போனாள். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. வாயோரம் முறுக்குத் தூள்.

"என்னடி கையில?" என்றாள் தையலு.

யாழினி என் முன்னால் வந்து நின்றாள். முதுகை வளைத்தாள். இருக்கிற ஒரு கையால் கும்பிட்டாள்.

"ஒண்ணும் இல்லைங்க. எல்லாம் தண்ணியில போச்சுங்க. நீங்களாப் பார்த்து ஏதாவது செய்யணும்."

மீனா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சொல்லிக்கொடுத்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை.

கேள்வி ஒன்றும் கேட்காமல் சம்படத்தைத் திறந்து இன்னொரு முறுக்கு கொடுத்தேன்.