ஒரு மழைக்காலக் குடியரசின் ஊதா முத்திரை

பேசினில் இருந்த தண்ணீர் ஊதாவாக மாறிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை அதை முதலில் ரசிக்கவே செய்தார். நடுவில் ஒரு தபால் உறை மிதந்தது. அதிலிருந்து ஊதா நிறம் சாம்பிராணிப் புகை மாதிரி சுருண்டு சுருண்டு இறங்கியது. விடுமுறை வந்தால் மாமனார் ஒரு கட்டு சாதா உறைகளைக் கொடுப்பார். அவற்றை ஊறவைத்து, தபால்தலையை உரித்து, செய்தித்தாளில் காயப்போடுவது கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு விதிக்கப்பட்ட வேலை. கை தன்பாட்டுக்குச் செய்யும். மூளை எங்காவது உலாத்தப் போயிருக்கும்.

இன்று மூளை வீடு திரும்பியபோது கை குற்றத்தை முடித்திருந்தது.

மேசையின் இடப்பக்கம் சாதா உறைக்கட்டு கட்டியபடியே இருந்தது. வலப்பக்கம் கறுப்பு வெல்வெட் துணி வெறுமையாகக் கிடந்தது. சற்றுமுன் வரை அதன்மேல் ஒரு உறை இருந்தது. "பெட்டி வாடை போகட்டும் மாப்பிள்ளை, கொஞ்சம் காத்தாடட்டும்" என்று மாமனார் தன் கையால் எடுத்துவைத்துவிட்டுப் போன உறை.

அந்த உறைக்கு ஒரு கதை உண்டு.

எங்கோ ஒரு யுத்தத்தில், ஒரு ராணுவம் ஓடிப்போய் இன்னொரு ராணுவம் வந்து சேர்வதற்குள் ஒரு மழைக்காலம் இடைவெளி கிடைத்தது. அதற்குள் ஓர் ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் கூடி 'சுதந்திரக் குடியரசு' என்று பலகை மாட்டிவிட்டார்கள். சோற்றுக்கு வழி பண்ணுவதற்கு முன்னால் தபால் நிலையம் திறந்தார்கள். ஓடிப்போன அரசாங்கத்தின் தபால்தலைகள்மேல் தங்கள் பெயரைக் கறுப்பு மையில் அச்சடித்தார்கள். முத்திரைக்கு உலோகம் கிடைக்கவில்லை. யாருடையதோ பூட்ஸின் அடி ரப்பரைச் செதுக்கி, ஊதா மையில் தோய்த்துக் குத்தினார்கள். மழை விட்டது, குடியரசும் விட்டது. அதன் தபால் உறைகளில் உலகத்தில் மிஞ்சியவை இரண்டே இரண்டு. ஒன்று, சேகரிப்பாளர்கள் எல்லோரும் பயந்து பெயர் வைத்திருந்த 'பூதக்கண்ணாடி' என்கிற நிபுணரிடம் இருந்தது.

மற்றது பேசினில் ஊறிக்கொண்டிருந்தது.

தபால்தலையை மட்டும் உரித்து வைத்தால் அது வெறும் காகிதம். உறையும் தலையும் முத்திரையும் சேர்ந்திருந்தால்தான் சரித்திரம். "யுத்த உறையைத் தண்ணியில போடறவன் மனுஷனே இல்ல!" என்று சேகரிப்பாளர் சங்கத் தலைவரான மாமனார் மேசையைக் குத்திப் பேசியபோது, முதலில் கைதட்டியவர் இதே மாப்பிள்ளைதான்.

"என்னங்க, பேசின்ல என்ன, சாயம் போற துணியா?" என்றபடி மனைவி வந்தாள். பார்த்தாள். "இது அப்பாவோட..."

"ஆமா."

"அந்தக் குடியரசு..."

"ஆமா."

அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"சாயங்காலம் அந்தப் பூதக்கண்ணாடி வர்றாரு. அப்பா தலைக்கு மை அடிக்க சலூனுக்குப் போயிருக்காரு. தெரியுமில்ல?"

"தெரியும்."

"எங்க அண்ணன் ஞாபகம் இருக்கா?"

அதை யார் மறப்பார்கள்? மூத்த மகன் ஒரு தபால்தலையின் பின்பக்கத்தை நாக்கால் நக்கி ஒட்டினான். அன்றைக்கே அவனுடைய பாயும் தலையணையும் தெருவுக்கு வந்துவிட்டன. கூடத்தில் மாட்டியிருந்த குடும்பப் படத்தில் அவன் முகத்தின்மேல் மாமனார் ஒரு தபால்தலையை ஒட்டிவைத்திருந்தார். அதுவும் ஓரம் கிழிந்த, எதற்கும் உதவாத தலை.

"நக்கினதுக்கே அது," என்றாள் மனைவி. "ஊறவச்சதுக்கு?"

தாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனின் கட்டில், பீரோ, புஸ்தக அலமாரி எல்லாமும் தெருவில் வரிசையாக நிற்பது மாப்பிள்ளையின் கண்ணுக்குத் தெரிந்தது. படத்தில் தன் முகத்துக்கு எந்தத் தலை என்றுகூட யோசித்துவிட்டார்.

"சொல்லிடலாமா?"

"தாராளமா. நான் முதல்ல துணிமணியைக் கட்டிக்கிறேன்."

சொல்லவில்லை.

உறையைச் சாமணத்தால் இடுக்கித் தூக்கியபோது தபால்தலை மரியாதையாகக் கழன்று விழுந்தது. தலைமேல் அச்சடித்த கறுப்பு எழுத்து பிழைத்திருந்தது. பென்சிலில் எழுதிய முகவரியும் பிழைத்திருந்தது. ஊதா முத்திரை மட்டும் தடயம் வைக்காமல் தலைமறைவாகிவிட்டது. எங்கே போயிற்று என்று பார்த்தால் மாப்பிள்ளையின் பத்து விரலிலும் இருந்தது.

"முதல்ல காயவைங்க. இஸ்திரிப் பெட்டி இருக்கு," என்றாள் மனைவி.

காய்ந்தது. அதோடு வலது கீழ்மூலையில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அளவுக்குப் பழுப்பாகத் தீய்ந்தும் போனது.

"சூட்டைக் குறைக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

"திருகு பருத்தியில இருந்துச்சு. உறை என்ன துணின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தீய்ந்த இடத்தை ரப்பரால் அழித்துப் பார்க்கலாம் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. அழித்தார். பழுப்பு போகவில்லை, காகிதம் போனது. ஓட்டை வழியாக மனைவியின் ஒரு கண் அவரைப் பார்த்தது.

"இனிமே எதையும் அழிக்காதீங்க," என்றது அந்தக் கண்.

மாப்பிள்ளைக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. விபத்து என்று பொய்க் கணக்கு எழுதிக்கொண்டு வருகிறவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் உத்தியோகம். அப்படிப் பிடிபட்டவர்கள் எதிரில் உட்கார்ந்து எச்சில் விழுங்குவதை எத்தனையோ தடவை வேடிக்கை பார்த்திருக்கிறார். இன்று தன் தொண்டையிலேயே அந்தச் சத்தம் கேட்டது.

தலையை ஒட்டினார். பசை கொஞ்சம் அதிகம். தலை வழுக்கிக்கொண்டு போய், பேருந்தில் தூங்கிச் சாய்கிறவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நிமிர்த்தப் போனால் கிழியும்போல் இருந்தது. விட்டுவிட்டார்.

மிச்சம் முத்திரை. விளையாடப் போயிருந்த மகளின் ஸ்கெட்ச் பேனாக்களில் ஊதா இருந்தது. வட்டம் போட எதுவும் இல்லை.

"வளையல்?"

"பெரிசு."

"பாட்டில் மூடி?"

அலமாரியில் இருமல் மருந்துப் புட்டி நின்றது. மூடியைக் கழற்றி வைத்து வட்டம் போட்டார். கை நடுங்கியதால் கோடு தானாகவே பூட்ஸ் ரப்பரில் செதுக்கியதுபோல் நெளிந்தது.

"சின்னதா இருக்கே," என்றாள் மனைவி. "அசல் வட்டம் பெரிசுங்க. காலையில அப்பாவே அதைத்தானே சொல்லிப் புலம்பிட்டிருந்தாரு?"

உண்மைதான். காலையில் காப்பியை ஆறவிட்டுக்கொண்டு மாமனார் ரகசியக் குரலில் சொல்லியிருந்தார்: "மாப்பிள்ளை, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. அந்தக் குடியரசைப் பத்தி உலகத்துக்கே சொன்னவரு இந்தப் பூதக்கண்ணாடிதான். தன்கிட்ட இருக்கிற உறையை அளந்து, முத்திரை இவ்வளவு பெரிசுன்னு புஸ்தகமே போட்டிருக்காரு. நம்ம வட்டம் அதைவிடப் பெரிசா இருக்கு. அதான் இத்தனை வருஷமா அவரைக் கூப்பிடாம இருந்தேன். போலின்னு சொல்லிட்டா சங்கத்துல எவன் முகத்துல முழிப்பேன்?"

இப்போது அந்தப் பெரிய வட்டமும் இல்லை.

தேதி என்ன என்று இருவருக்கும் தெரியவில்லை. சங்கப் பத்திரிகையில் முன்பு வந்த படத்திலும் இந்த உறை ஒரு கரிக்கட்டி மாதிரிதான் தெரிந்தது. மாப்பிள்ளை எதையோ எழுதி, கட்டைவிரலால் தேய்த்துவிட்டார். தேதி எந்தக் காலத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஆயிற்று.

வாசலில் செருப்புச் சத்தம். மாமனார் வந்துவிட்டார். தலை கருகருவென்று இருந்தது. அசல் எது, மேலே அடித்த அச்சு எது என்று சொல்லமுடியாது. உறை வெல்வெட்டில் இருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டார். கிட்டே வரவில்லை. அவருக்கும் பயம்.

"கையில என்ன மாப்பிள்ளை, உறை?"

"வெள்ளைக் கையுறை, மாமா. நிபுணர் வர்றாரு. வெறுங்கையால தொடக்கூடாதில்ல?"

"சபாஷ்! இப்பத்தான் நம்ம குடும்பத்துல சேர்ந்திருக்கீங்க."

மாப்பிள்ளை கையுறையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பூதக்கண்ணாடி வந்தார். ஆள் குள்ளம், கௌரவம் நெட்டை. அது அவருக்கு முன்னாலேயே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. பின்னால் ஒரு மெலிந்த மனிதர் கனமான பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இவர் நம்ம மாப்பிள்ளை," என்றார் பூதக்கண்ணாடி திரும்பிப் பார்க்காமலே. "வண்டி ஓட்டுவாரு. பை தூக்குவாரு. இதுல எல்லாம் ஒண்ணும் தெரியாது."

"நம்ம மாப்பிள்ளையும் அப்படித்தான்," என்றார் மாமனார் பெருந்தன்மையாக.

இரண்டு மாப்பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முன்னாடியே சொல்லிடறேன்," என்றார் பூதக்கண்ணாடி. "இந்தக் குடியரசு உறைன்னு சொல்லிக்கிட்டு என்கிட்ட எத்தனையோ பேர் வந்திருக்காங்க. ஒருத்தர்கூடச் சிரிச்ச முகத்தோட திரும்பிப் போனதில்ல. வட்டம் ஒரு மயிரிழை கூடினாலும் போலிதான்."

மாமனாரின் புதிய கறுப்பு, நெற்றியோரம் வியர்வையில் மெல்ல இறங்கத் தொடங்கியது.

பூதக்கண்ணாடி பையிலிருந்து அளவுகோல், லென்ஸ், கடைசியாகத் தன் உறையின் பெரிய வண்ணப்படம் ஆகியவற்றை எடுத்து வைத்தார். மாப்பிள்ளை அதிலிருந்து கண்ணை எடுத்தார். குனிந்து பார்த்தால், கையுறையின் விரல் நுனிகள் வியர்வையில் ஊறி ஊதாவாகிக்கொண்டிருந்தன. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பின்னால்தான் அந்த மெலிந்த மனிதர் நின்றிருந்தார். கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலை சாஞ்சிருக்கு," என்றார் பூதக்கண்ணாடி.

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார்.

"அவசரத்துல ஒட்டினது. குண்டு விழுந்துகிட்டிருக்கிற ஊர்ல எவன் நேரா ஒட்டுவான்?" லென்ஸை நகர்த்தினார். "மூலையில தீ."

மாமனார் திடுக்கிட்டு எழுந்தார். "தீயா? எங்க?"

"ஓடறப்போ தபால் ஆபீசைக் கொளுத்திட்டுத்தான் ஓடினாங்க. என் உறையிலயும் இதே மூலையில தீ இருக்கு. பாருங்க படத்தை. புஸ்தகத்துல தனி அத்தியாயமே எழுதியிருக்கேன்." பிறகு அவர் புருவம் சுருங்கியது. "ஆனா இந்த ஓட்டை என்கிட்ட இல்லையே."

மனைவி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுது என்னுதைவிட நிறையக் கஷ்டப்பட்டிருக்கு," என்று தீர்ப்பளித்தார் பூதக்கண்ணாடி, சற்றுப் பொறாமையோடு. "எங்க, கொஞ்சம் தண்ணி கொண்டாங்க."

"குடிக்கவா?" என்றார் மாப்பிள்ளை. குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது.

"சோதிக்க. அந்தக் காலத்து ஊதா மை தண்ணி பட்டா கரையும். இந்தக் காலத்துப் போலி மை கரையாது."

ஒரு சொட்டை விரலால் தொட்டு வட்டத்தின் ஓரத்தில் வைத்தார். மகளின் ஸ்கெட்ச் பேனா தன் கடமையைச் செய்தது. ஊதா மெல்ல விரிந்தது.

"கரையுது!" என்று கத்தினார் பூதக்கண்ணாடி. அளவுகோலை எடுத்தார். வட்டத்தின்மேல் வைத்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி வைத்தார். லென்ஸ் நடுங்கியது. "மயிரிழை... மயிரிழைகூட மாறல! தேதிகூட என்னுது மாதிரியே படிக்க முடியல! அசல் சார்! அசலுக்கு அசல்! அதே முத்திரை, அதே கை!"

மாமனார் வட்டத்தைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அளந்து அளந்து தூக்கம் கெட்ட வட்டம் அது. வாயைத் திறந்தார். பூதக்கண்ணாடி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாயை மூடிக்கொண்டார். பெருமை வந்து கதவைத் தட்டுகிறபோது சந்தேகத்தைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவது அவர் சங்கத்துக்கே உரிய மரபு.

"நான்தான் எப்பவும் சொல்லுவேனே," என்றார். "அந்தத் தீயைப் பார்த்தாலே தெரியும்னு."

சான்றிதழ் எழுதப்பட்டது. படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பெரியவர்களும் இரண்டு உறைகளின் துயரத்தையும் பேசிப் பேசிக் கண்கலங்கினார்கள். மாப்பிள்ளை கையைப் பின்னால் கட்டியபடியே நின்றார். மேடையில் திருடன் வேஷம் போட்டவன்கூட அத்தனை திருடனாகத் தெரியமாட்டான்.

கிளம்பும்போது பூதக்கண்ணாடி வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மெலிந்த மனிதர் மட்டும் ஏறவில்லை. வாசல்வரை திரும்பி வந்தார். மாப்பிள்ளையிடம், "கையைக் காட்டுங்க," என்றார்.

எல்லாம் முடிந்தது. கட்டில், பீரோ, புஸ்தக அலமாரி. படத்தில் ஓரம் கிழிந்த ஒரு தலை. மாப்பிள்ளை மெதுவாகக் கையுறைகளைக் கழற்றினார். பத்து விரலும் நாவல்பழம் மாதிரி மின்னின.

"என் மாமனார்கிட்ட சொல்லிடாதீங்க," என்றார். அழுகை முட்டியது. "எங்களுக்கு வேற வீடு கிடையாதுங்க."

மெலிந்த மனிதர் வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, காதோடு காதாகச் சொன்னார்:

"எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ங்க, போயிடும், எனக்குப் போயிடுச்சு, அது சரி, இருமல் மருந்து மூடிதானே? நானும் எங்க மாமா உறைக்கு அதைத்தாங்க வச்சேன்."