கீழோடைப் பள்ளத்து நத்தைகள்

சேர்வராயன் மலைக்குக் காப்பிக்காக வந்தவர்கள் உண்டு, குளிருக்காக வந்தவர்கள் உண்டு. நத்தைக்காகவே அங்கே காலம் தள்ளிய ஒரே பிரகிருதி எங்கள் நத்தைக் கம்பவுண்டர்தான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

வெள்ளைக்காரத் துரையின் எஸ்டேட்டில் நான் ரைட்டர், அவர் மருந்து கலப்பவர். இருவருக்கும் ஒரே வீடு. மருந்துக் குப்பிகளில் பாதிக்கு மேல் நத்தை ஓடுதான் இருக்கும். வயிற்றுவலி என்று வந்தவனிடம், "ஏனுங்க, உங்க ஊட்டுப் பக்கம் நத்தை ஓடு வலப்பக்கமாச் சுத்துதுங்களா, இடப்பக்கமாங்களா?" என்பார். அவன் வலியை மறந்து யோசிக்க ஆரம்பிப்பான். சிலருக்கு அதிலேயே குணமானதும் உண்டு.

"அப்படி என்னதானுங்க இருக்குது அந்தப் பூச்சியில?" என்று ஒரு நாள் கேட்டுத் தொலைத்தேன்.

"பூச்சியா? நத்தை ஓடையத் தாண்டாதுங்க. அந்தந்தப் பள்ளத்துலயே பொறந்து அங்கயே சம்பந்தம் பண்ணிக்குது. அண்ணந்தம்பி பாகம் பிரிஞ்சு போக்குவரத்து நின்னு போச்சுன்னா, பேரன் காலத்துல மொகச்சாடையே மாறிப்போகுதில்லீங்க? இதுகளுக்கு அது ஆயிரமாயிரம் தலைமொறை. கீழோடைப் பள்ளத்து நத்தை மட்டும் இடப்பக்கம் சுத்துது. நான் தேடுன வரைக்கும் வேற எங்கயும் இல்லீங்க."

அந்தப் பள்ளத்தைத்தான் எரித்துக் காப்பி வைக்கத் துரை உத்தரவு போட்டார். கம்பவுண்டர் போய் மன்றாடினார். துரை விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஒரு சுருட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார். நத்தைகளைப் பொறுக்கி வந்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஈரச் சரிவில் குடியேற்றிவிடுவது என்று முடிவெடுத்த கம்பவுண்டர், மலைக்காய்ச்சலில் படுத்துவிட்டார். எஸ்டேட்டுக்கே கொயினா மருந்து கொடுத்தவர் நடுங்கின நடுக்கத்தில் கட்டில் நகர்ந்தது.

பார்க்க வந்த காளியம்மாளிடம் கெஞ்சினார். அவள் காப்பி பறிக்கிறவள். அவள் குழந்தையை ஒரு காய்ச்சலில் இவர்தான் பிழைக்க வைத்திருந்தார்.

"அம்மணி, தீ வெக்கறதுக்குள்ள கீழோடை நத்தைய ஒண்ணு விடாம எடுத்தாந்துருங்க."

"நீங்க கண்ண மூடிப் படுங்க. நாங்க பாத்துக்கறோம்."

கூலிகள் குடியிருந்த லயத்துப் பெண்களெல்லாம் பள்ளத்தில் இறங்கினார்கள். கோடையில் ஓட்டு வாயை அடைத்துக்கொண்டு சருகுக்கடியில் தூங்கிய நத்தைகளை ஒன்று விடாமல் பொறுக்கினார்கள். பின்னாலேயே துரையின் ஆட்கள் தீ வைத்தார்கள். பள்ளம் முழுதும் கரியாகிவிட்டது.

காய்ச்சல் விட்ட அன்று காளியம்மாள் ஒரு மண்சட்டியோடு வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"மூலம்னு சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டுத்தானே இத்தன நாளு நத்தை நத்தைன்னு அலைஞ்சீங்க? மூலத்துக்கு நத்தைக்கறிதான் மருந்துன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? மொளகு தூக்கலாப் போட்டு வறுத்திருக்கறனுங்க. எம்புள்ளைக்குக்கூட ஒண்ணு குடுக்கலை."

அந்த இனத்தில் மிச்சமிருந்ததெல்லாம் அந்தச் சட்டிக்குள்தான் இருந்தது. கம்பவுண்டர் சட்டியைப் பார்த்தார். முள்ளும் கல்லும் கீறிய அவள் விரல்களைப் பார்த்தார். பிறகு சோறு போட்டுப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"காரமுங்களா?" என்று பதறினாள்.

"ஆமாங்க அம்மணி. ஆனா நொம்ப நல்லா இருக்குது. இன்னுங் கொஞ்சம் போடுங்க."

அவள் போன பிறகு கொல்லைப்பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கூடப்பிறந்தவர்கள் யார் மீதும் எனக்கு அத்தனை பிரியம் வந்ததில்லை.