எர்த் நானாவிடம் 'டக்' என்று சொன்னவர்கள்

நோர்வூட் எர்த் நானாவைப் போன்ற பிடிவாதக்காரர் இந்த மலைநாட்டில் இன்னொருவர் கிடையாது. அப்படி ஒருவர் இருந்திருந்தால், இரண்டு பேரும் என்றைக்காவது சந்தித்து வாதாட ஆரம்பித்து, இன்றைக்கு வரைக்கும் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள்.

அவருக்கு வாப்பாவும் உம்மாவும் வைத்த பெயர் எனக்குத் தெரியாது; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம், எர்த் ஊர் வைத்தது. பஸார் கோடியில் ஒரு தகரக் கொட்டகையில் வாகனங்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறார். எந்த வண்டி வந்தாலும், என்ன வருத்தத்தோடு வந்தாலும், அவருடைய தீர்ப்பு ஒன்றுதான்: "எர்த் இல்ல." பெட்டரியின் மைனஸ் பக்கத்திலிருந்து என்ஜினுக்கும் வண்டியின் உடம்புக்கும் போகிற வயர்தான் எர்த். அது துருப்பிடித்தால் போன கரண்ட் திரும்பி வர வழியில்லாமல் தவிக்குமாம். வண்டிக்கு மட்டுமா? பக்கத்துக் கடைக்காரர் பெண்சாதியோடு சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டு வந்து உட்கார்ந்தாலும், "ரெண்டு பேருக்கும் நடுவுல எர்த் விட்டுப் போயிரிக்கி" என்பார்.

அவருடைய கராஜில் ஒரு சட்டம் உண்டு. சாவியைத் திருப்பும்போது வண்டி போட்ட சத்தத்தை, வண்டிக்காரர் முதலில் தன் வாயால் போட்டுக் காட்ட வேண்டும். அதுவரைக்கும் பொனட்டை விரலால்கூடத் தொட மாட்டார்.

"வண்டி இங்கதானே நிக்குது நானா, நீங்களே திருப்பிப் பாருங்களேன்" என்று நான் முதன்முதலில் போனபோது கேட்டேன்.

"டொக்டர்ட்ட போனா, எங்க நோவுதுண்டு நீங்கதானே செல்லணும்? செல்லுங்க."

கழுத்துப்பட்டி கட்டிய ஒரு வங்கி முகாமையாளர் அந்தக் கொட்டகைக்கு முன்னால் நின்று, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ரகசியம் சொல்வதுபோல "டிக்" என்றதை என் கண்ணால் பார்த்தேன். "டிக்கா, டக்கா? சரியாச் செல்லுங்க சேர், மருந்து மாறிடும்" என்றார் நானா. மனிதர் வியர்த்துப் போய், பஸாரே கேட்கும்படி "டக்!" என்று கத்தினார். எதிரே மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். இன்னொரு நாள் ஒரு சிங்களப் பொலிஸ் சார்ஜன் யூனிபோமோடு நின்று "டக், டக், உர்ர்ர்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். நானா என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா மாஸ்டர், இதுக்கு மட்டும் பாஷையே தேவல்ல" என்றார்.

மாஸ்டர் என்றது என்னைத்தான். பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கினிகத்தேனையில் ஒருவரிடம் பழைய வேன் ஒன்றை வாங்கினேன். என்னிடம் படிக்கிற பிள்ளைகளைவிட அதற்கு வயது கூட. இடப்பக்க சிக்னலைப் போட்டால் உள்ளே லைட் மினுங்கும். ஹோர்னை அடித்தால் வைப்பர் ஒரு தடவை ஆடிவிட்டு நிற்கும். வெயில் நாளில் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். மழையும் குளிருமான காலையில் மட்டும் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

நானாவிடம் கொண்டுபோனேன். வெட்கத்தை விட்டு 'டக்' சொன்னேன். "எர்த்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனிதருக்கு வேறு ஒன்றுமே தெரியாது என்று முடிவுகட்டி, ஹட்டனில் வேறு இடத்துக்குப் போய்ப் புது பெட்டரி போட்டேன், ஸ்டார்ட்டர் மோட்டரைக் கழற்றிச் செய்தேன். அடுத்த மழைக்கு மறுபடியும் 'டக்'. செய்தி எப்படியோ நானாவின் காதுக்குப் போய்விட்டது.

"பெட்டரி மாத்தினீங்களாமே மாஸ்டர்? நல்லம், நல்லம். ஊட்ல ஆருக்கும் காய்ச்சல்ண்டா கட்டில மாத்துவீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்களுக்கு எர்த் பைத்தியம் பிடிச்சிருக்கு நானா" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையைத் தாண்டும்போதெல்லாம் நான் வலப்பக்கம் மலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவேன். அவரும் கீழே குனிந்து எதையாவது தேடுவார்.

அந்த வருஷம் எங்கள் தோட்டத்திலிருந்து ஐந்து பெண்பிள்ளைகள், பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். பரீட்சை எழுதினார்கள். ஒரே தடவையில் ஐந்து பேர் என்பது தொழிலாளர் குடியிருக்கிற எங்கள் லயங்களில் அதுவரை நடக்காத காரியம். பரீட்சை ஹட்டனில். எட்டரைக்கு ஆரம்பம், பிந்திப்போனால் உள்ளே விடமாட்டார்கள். காலை பஸ்ஸை நம்ப முடியாது என்று, "நான் கொண்டுபோய் விடுறேன்" என்று பெற்றோரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தேன்.

பரீட்சையின் முதல் நாள். விடிய விடிய மழை. ஆறு மணிக்குக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் ஐந்து பேரும் வெள்ளை யூனிபோமில் வந்து ஏறினார்கள். அம்மாமார் படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வழியனுப்ப வந்திருந்தார்கள். நான் சாமியைக் கும்பிட்டுச் சாவியைத் திருப்பினேன்.

டக்.

இன்னொரு தடவை. டக். பின்னாலிருந்து தர்ஷினி என்ற பிள்ளை மெதுவாக, "சேர், நாங்க எறங்கித் தள்ளவா சேர்?" என்றது. சேற்று இறக்கத்தில் அந்த வெள்ளைச் சட்டையோடா! அம்மாமார் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மானம் ரோஷத்தையெல்லாம் தூக்கித் தேயிலைக்குள் எறிந்துவிட்டு நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"நானா, நான் மாஸ்டர் பேசுறேன். அஞ்சு பிள்ளைங்களுக்கு எட்டரைக்குப் பரீட்சை. வண்டி ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது. மன்னிச்சிருங்க நானா."

"மன்னிப்பு கெடக்கட்டும். சத்தத்தச் செல்லுங்க."

"டக்" என்றேன்.

"இது நீங்க அழுற சத்தம். வண்டிட சத்தம் வேணும். வேற ஆரும் இரிக்காங்களா?"

ஸ்பீக்கரில் போட்டேன். ஐந்து பிள்ளைகளும் தலையை நீட்டி, ஒரே குரலில் "டக்!" என்றார்கள்.

"மாஷா அல்லாஹ்! இதுதான் சத்தம். மாஸ்டர், ஹெட்லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்புங்க. லைட் மங்குதா?"

தர்ஷினி மழையில் ஓடி முன்னால் போய் நின்று பார்த்தது. "மங்கல சேர்! பளிச்சுனு எரியுது!"

"அப்ப பெட்டரி நல்லம். என்ஜினுக்குத்தான் எர்த் இல்ல. ஜம்ப் வயர் இரிக்கா? ஒரு தலய பெட்டரி மைனஸ்ல மாட்டுங்க. மத்தத என்ஜின்ட வெறும் இரும்புல, துரு இல்லாத எடமாப் பாத்து…"

அதோடு போன் வெட்டுப்பட்டது. மறுபடி எடுத்தால் லைன் இல்லை.

என்ஜினும் பெட்டரியும் இருக்கிற முன் சீட்டைத் தூக்கி, பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த ஜம்ப் வயரை எடுத்தேன். ஒரு பிள்ளை டோர்ச் பிடித்தது, இன்னொன்று குடை பிடித்தது. இரண்டு தலையையும் மாட்டி, கழன்றுவிடாமல் தர்ஷினியின் ஜடை ரிப்பனால் இறுக்கிக் கட்டினோம். சாவியைத் திருப்பினேன். என் வாழ்நாளில் அந்த வேன் அப்படி ஒரு கம்பீரமான சத்தம் போட்டதில்லை. அம்மாமார் மழையிலேயே குலவை போட்டார்கள்.

நோர்வூட்டுக்குப் பாதி வழி வந்திருப்போம். மூடுபனிக்குள்ளிருந்து ஒரு மரக்கறி லொறி எதிரே வந்து வளைவில் நின்றது. முன் சீட்டிலிருந்து சாரத்தோடும் ஒரு காலில் மட்டும் செருப்போடும் குதித்தவர் எர்த் நானா. நான் பிரேக்கில் கால் வைப்பதற்குள் இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார்: "நிப்பாட்ட வாணா! நிப்பாட்ட வாணா! போங்க, போங்க!"

லொறியைக் கடக்கும்போது பிள்ளைகள் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள். பின்பக்கம் லீக்ஸ் மூட்டைகளெல்லாம் ஒரு ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன. மற்றப் பாதியில் பூப்போட்ட பெட்ஷீட் இரண்டு விரித்து, மேலே படங்கு கட்டியிருந்தது. வெள்ளை யூனிபோமில் அழுக்குப் படாமல் ஐந்து பேர் உட்காரலாம்.

எட்டு மணிக்கு முன்பே ஹட்டனில் இருந்தோம். பிள்ளைகள் உள்ளே போன கையோடு நான் நேரே நோர்வூட்டுக்குத் திரும்பினேன். நானா ஒரு ஜீப்பின் பொனட்டுக்குள் தலையை விட்டிருந்தார்.

"எர்த்துதான்னு அவ்வளவு உறுதியாச் சொன்னீங்களே நானா, பெறகு எதுக்கு லொறி?"

"நான் மரக்கறி வாங்கப் போனேன்."

"பெட்ஷீட்டோடயா?"

ஒரு திருகாணியை இறுக்கினார். பிறகு தலையை வெளியே எடுக்காமலே பேசினார்: "நம்மட வேலைல எனக்குப் பிழை வாறது இல்ல மாஸ்டர். ஆனா அது புள்ளைகள்ட பரீட்சை. அத வச்சி நான் பந்தயம் புடிக்க ஏலாதுதானே. அஞ்சு பேரும் நேரத்துக்கு உள்ளுக்குப் போனாங்களா?"

"போயிட்டாங்க நானா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அப்போதுதான் தலையை வெளியே எடுத்தார்.

எனக்கு அந்த இடத்திலேயே அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, ஆனால் மனிதர் அதையும் பிழை என்று வாதாடுவார். அதனால் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தோட்டத்து மாரியம்மனிடம் மட்டும், என் பிள்ளை குட்டிகளோடு சேர்த்து அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்.