தூரமும் நேரமும் பொருத படலம்

சங்கிலி பிடித்து நிலமளந்த நெடுங்கையோன், பங்காளிகளின் கண்ணீருக்கும் கலங்காது எல்லைக்கல் நட்ட வன்னெஞ்சன், அரையடி மண்ணுக்கும் அடிபணியாத அடலேறு, ஓய்வுபெற்ற சர்வேயர் பெருமான் வாழ்க! கடல்கள் பல கடந்து ஒரு சக்கரத்தை மட்டும் இழந்துவந்த அவர் பெட்டியும் வாழ்க!

மகள் பெற்ற பிள்ளையை முதலில் தூக்குபவர் தாமாகவே இருக்க வேண்டும் என்னும் பெருவேட்கை உந்த, மூத்த மகன் வாழும் தேசத்திலிருந்து பதின்மூவாயிரம் கிலோமீட்டர் வான்வெளியை ஒரே விமானத்தில், பதினாறு மணி நேரத்தில் பிளந்து அவர் மகள் வீட்டு வாசலில் இறங்கியபோது, அந்தோ, இன்னொரு டாக்சியும் வந்து நின்றது. அதிலிருந்து வீங்கிய காலோடு இறங்கினார் சம்பந்தி. நின்ற கடிகாரங்களுக்கெல்லாம் உயிர்ப்பிச்சை அளித்த கடிகாரக் கடைக்காரர். அவர் ஊர் ஆறாயிரம் கிலோமீட்டர்தான். ஆயினும் மலிவு டிக்கெட்டின்மேல் கொண்ட மையலால், இரண்டு விமான நிலையங்களில் இறங்கிக் காத்துக் கிடந்து, முப்பது மணி நேரம் கழித்து வந்திருந்தார்.

போருக்கு வித்திட்டவள் பிள்ளை பெற்றவளே. இருவரும் போனில் நச்சரித்தது தாங்காமல், "யாரு ரொம்பக் கஷ்டப்பட்டு வர்றீங்களோ, அவங்க முதல்ல தூக்குங்க" என்று இருவரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

கை கழுவினர் வீரர். சோபாவின் இருமுனைகளிலும் பாசறை அமைத்தனர்.

"பதிமூணாயிரம் கிலோமீட்டர், சம்பந்தி!" என்று முழங்கினார் சர்வேயர். "என்னோட தூரத்துக்கு முன்னால நீங்க அடுத்த தெருவுலேர்ந்து வந்த மாதிரிதான்!"

"பறந்தது விமானம், சம்பந்தி. நீங்க போர்வையப் போத்திக்கிட்டுத் தூங்குனீங்க. முப்பது மணி நேரம் இரும்பு நாற்காலியில தேய்ஞ்சவன் நான்!"

"காத்துக் கிடந்தது பயணமா? அப்ப டாக்டர் வாசல்ல உக்காந்திருக்கவன்லாம் உலகம் சுத்துனவனா?"

அப்போது கடிகாரக்காரர் தம் பேராயுதத்தை உருவினார். "என்னோட முதல் விமானம் எதிர்த்திசையில போச்சு. போனது, திரும்புனது எல்லாத்தையும் கூட்டுங்க. தூரமும் எனக்குத்தான் ஜாஸ்தி!"

"வேலியச் சுத்தி சுத்தி நடந்தா நிலம் பெருசாயிடுமா?" என்று கர்ஜித்தார் சர்வேயர். மகள் பிறந்தபோது எங்கோ ஒரு காட்டை அளந்துகொண்டிருந்த அவர், அவளை முதன்முதலாகத் தூக்கியபோது அவளுக்குப் பல் முளைத்திருந்தது. இந்தப் பிடிவாதம் அதனால்தான், பாவம் மனிதர்.

உள்ளறையில் கேட்டுக்கொண்டிருந்த மகளுக்கு மனசு பொறுக்கவில்லை. "அப்பா, மாமா, ரெண்டு பேரும் ஒட்டி உக்காருங்க. ரெண்டு மடியிலயும் சேர்த்துப் போடறேன்" என்று தீர்ப்புரைத்தாள்.

சம்பந்திகள் தோளோடு தோள் நெருங்கி, மடிகளை இணைத்து, நான்கு கைகளையும் ஏந்தி அமர்ந்தனர். அவ்வேளை, தத்தம் தேசத்து இரவைத் தம்முடம்பிலேயே சுமந்து வந்திருந்த அம்மாவீரர்மேல், வானூர்ந்து வந்தோரை ஒருவர் விடாது வீழ்த்தும் நித்திரை என்னும் பெருஞ்சேனை நண்பகலில் பாய, ஒருவர் தலை மற்றவர் தோளில் சாய, வாய் பிளந்து இருவரும் ஒருங்கே வீழ்ந்தனர். கொட்டக் கொட்ட விழித்திருந்த பிள்ளையோடு மகள் சோபா முன் வந்து நின்றாள்.

தாத்தாக்கள் எழுந்தபோது குழந்தை தூங்கிவிட்டது.