ஐஸ் நைனாவும் கயிற்றில் தொங்கிய தம்பியும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள ஆண்பிள்ளைகள் எல்லோரும் இதுவரை அழுத அழுகையை ஒரு தட்டிலும், ஐஸ் நைனா ஒருவரே அழுததை இன்னொரு தட்டிலும் வைத்தால், நைனாவின் தட்டுதான் தாழும். கதை அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் அவரோடு உட்கார்ந்து ஒருநாள் வீடியோ கேம் பார்த்திருக்க வேண்டும்.

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுப்பது அவர் வேலை. ஐம்பதைத் தாண்டிய வயது, பீரோ மாதிரி உடம்பு. அவர் ஐஸ் பாரை உடைக்கிற சத்தத்தில் பக்கத்துத் தெரு நாய்கள் எழுந்து இடம் மாறிப் படுக்கும். சொந்தப் பெயர் என்ன என்று அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அந்த அக்காவும் ‘நைனா’ என்றுதான் கூப்பிடும்.

நான் அப்போது துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் குமாஸ்தா. என் மாடி அறைக்கு நேர் கீழே பாய் ஒருவர் நடத்திய கேம் சென்டர். வேலை நேரத்தில் காணாமல் போன ஒரு ஆளைத் தேடிக்கொண்டு ஒருநாள் அங்கே நுழைந்த நைனா, திரையில் ஒரு அப்பன் தன் மகளைத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறார். தான் யாரைத் தேடி வந்தோம் என்பதை மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்று முதல் பையன்கள் ஆடுகிற கால்பந்தும் துப்பாக்கியும் அவருக்கு ஆகாது. கதை இருந்தால்தான் ஆடுவார். அந்தக் கதைகளோ இங்கிலீஷில் பேசித் தொலைக்கும். அதற்குத்தான் நான். சட்டையைக்கூட மாட்ட விடாமல் என்னைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

அவர் ஆடுகிற லட்சணத்தைச் சொல்ல வேண்டும். ஹீரோ ஓடவே கூடாது. ஊரில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் முகத்துக்கு நேரே ஓடினால் என்ன நினைப்பார்கள் என்று கேட்பார். வீடு வீடாக நின்று எல்லோரிடமும் பேசச் சொல்வார். கோட்டைக் காவலாளியைச் சுட வேண்டிய இடம் வந்தால், அவன் கண்ணயரட்டும் என்று புதர் மறைவில் காத்திருப்பார். அந்த ஆள் தூங்கவே மாட்டான், தூக்கம் என்ற ஒன்றையே அவனுக்கு வைக்கவில்லை என்று நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். ஐயோ பாவம், என்ன பிழைப்பு என்று அதற்கும் கண் கலங்கினார்.

ஒரு கேமில் ஹீரோவின் குதிரை செத்துப்போனது. மறுநாள் நைனா வேலைக்குப் போகவில்லை. வீட்டில் ஒரு சாவு என்று கம்பெனிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கப் போய்விட்டார். அச்சகக்காரர் வழக்கம்போலத் தோற்றம், மறைவு இரண்டுக்கும் தேதி கேட்டிருக்கிறார். மறைவு தெரியும், தோற்றம் தெரியாது. நேராக பாயிடம் வந்து, அந்த டிஸ்க் வாங்கிய தேதியைக் கேட்டுக்கொண்டு போனார். மார்க்கெட் சுவரெல்லாம் குதிரை. துக்கம் விசாரிக்க மாலையோடு வந்த ஐஸ் கம்பெனி ஆட்கள், மாலையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் நைனாவுக்கே போட்டுவிட்டுப் போனார்கள்.

இதெல்லாம் சும்மா. பெரிய கூத்து மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது. படகெல்லாம் கரையில், ஐஸுக்கு வேலை இல்லை. நைனா முழுநேரமும் கேம் சென்டரில் ஆடிக்கொண்டிருந்தார். பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்தில் ஒரு அக்காவும் தம்பியும் ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்றிக் கூட்டிக்கொண்டு போகிற கதை. அந்தத் தம்பி மேல் நைனாவுக்குத் தனிப் பிரியம். துடுக்குப் பயல், வாயைத் திறந்தால் கிண்டல். தான் பெற்ற பிள்ளை மாதிரி அவனைப் பற்றி மார்க்கெட்டில் பேசிக்கொண்டு திரிவார்.

கடைசியில் எல்லோரும் படகில் ஏறினார்கள். புயல். தம்பி கடலில் விழுந்து ஒரு கயிற்றில் தொங்குகிறான். திரையில் எழுத்து வந்தது. நான் படித்துச் சொன்னேன்: சதுர பட்டனை அழுத்தினால் அக்கா கயிற்றைப் பிடித்துக்கொள்வாள், பிள்ளைகளோடு படகு கவிழலாம். வட்ட பட்டனை அழுத்தினால் கயிற்றை அறுத்துவிடுவாள்.

நைனா ஆட்டத்தை நிறுத்திவைத்தார். “ரெண்டு பேரும் பொயைக்கிறது எந்த பட்டன்ல கீது?” என்று கேட்டார். அப்படி ஒன்று இல்லை என்றேன்.

அன்று முழுக்க மெஷின் அப்படியே நின்றது. கடையில் இருந்த ஒரே பெரிய டிவி அது. ஏதாவது ஒன்றை அமுக்கு, இல்லை எழுந்திரு என்று பாய் கத்த ஆரம்பித்துவிட்டார். உசிரு விஷயத்தில் ஒரு ஆள் முடிவெடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, நைனா விவகாரத்தைக் குப்பத்துப் பஞ்சாயத்துக்குக் கொண்டுபோனார்.

சிரித்து அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வலையைக் கீழே வைத்தார்கள். தலைவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சாட்சி என்று என்னை நடுவில் நிறுத்தி விசாரித்தார். படகில் எத்தனை பேர், காற்று எந்தப் பக்கம், பையனுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டார். கயிற்றைப் படகின் பின்பக்கம் கட்டட்டும் என்றார் ஒருவர். அதற்கு பட்டன் இல்லை என்றேன். நங்கூரம் போடட்டும் என்றார் இன்னொருவர். அதற்கும் இல்லை. மிதக்கிற மாதிரி ஒரு காலி கேனையாவது தூக்கிப் போடச் சொன்னது ஒரு அம்மா. இல்லவே இல்லை. அந்தக் கேமை நானே செய்தது போல எல்லோரும் என்னை முறைத்தார்கள். தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“அப்பால இன்னாத்துக்குடா அத்தினி பட்டன் வெச்சிகீறான்?”

கயிற்றை அறுக்கிற வழக்கம் இந்தக் குப்பத்தில் கிடையாது, பிடித்துக்கொள் என்பது தீர்ப்பு.

பஞ்சாயத்து மொத்தமும் கேம் சென்டருக்கு வந்தது. உள்ளே இடமில்லாமல் ஜன்னலில் எல்லாம் தலை. நைனா சதுர பட்டனை அழுத்திப் பிடித்தார். படகு சாய்ந்துகொண்டே போனது. தம்பி அண்ணாந்து பார்த்து ஏதோ சொன்னான். என்ன சொல்கிறான் என்று நைனா கேட்டார். ‘பிள்ளைகளைப் பார்த்துக்கோ அக்கா’ என்கிறான் என்றேன். அதற்குள் தம்பி இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துக் கயிற்றை அவனே அறுத்துக்கொண்டான்.

எந்த பட்டனை அழுத்தினாலும் அவன் சாவதாகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள், பாவிகள். ஜன்னல் பக்கமிருந்து ஒரு விசும்பல் கேட்டது. திரையின் மூலையில் சின்னதாக ஒரு வளையம் சுற்ற ஆரம்பித்தது. அது என்ன என்று நைனா கேட்டார்.

“சேவ் ஆவுது நைனா. நடந்தத எய்திக்கினு கீது. கைய வெச்சிடாத, மிசினு பூடும்” என்றார் பாய்.

“எய்திட்டா?”

“அவ்ளோதான். மாத்த முடியாது.”

நைனா எழுந்து சுவரோரம் போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

பாய் போட்ட கூச்சல் துறைமுகத்துக்கே கேட்டிருக்கும். தன் பிழைப்பே போச்சு என்று நைனாவின் சட்டையைப் பிடித்தார். நைனா அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, சத்தம் போடாமல் சொன்னார்.

“கடலுக்குப் போயி திரும்பி வராதவன் பேரு நம்ம குப்பத்துல எத்தினி கீது பாய். இவன் பேரையும் எய்தணுமா?”

பாயின் பிடி தளர்ந்தது. பாயே பிளக்கைக் கொண்டுபோய் மாட்டினார். ஒழுங்காக அணைக்கவில்லை என்று இங்கிலீஷில் திட்டிவிட்டு மெஷின் உயிர் பிழைத்தது. பனி, இருட்டு, ஒரு நெருப்பு. படகேறுவதற்கு முன்னால் கடைசியாகச் சேவ் ஆகியிருந்த இடம். நெருப்புக்குப் பக்கத்தில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்து மீன் சுட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி ஏதோ கிண்டல் செய்தான். கடையே கூரை பறக்கக் கைதட்டியது. வழக்கு முடிந்தது என்று தலைவர் எழுந்தார். போகிற போக்கில், மீனைத் தீய விடுகிறான், திருப்பிப் போடச் சொல் என்று எனக்கு உத்தரவும் போட்டார்.

அதற்குப் பிறகு நைனா அந்த இடத்தைத் தாண்டவே இல்லை. வேலை முடிந்ததும் வருவார், நெருப்புப் பக்கத்தில் அவர்களோடு கொஞ்ச நேரம் இருப்பார், வரேன்டா என்று சொல்லிவிட்டுப் போவார். மேலே என்ன ஆகிறது என்று பார்க்க ஆசை இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். “தெரியுமே. அதான் போவல” என்றார்.

நான் அம்பத்தூருக்குக் குடிபோய்விட்டேன். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது நைனா அதே நெருப்பின் முன்னால் டீயோடு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். அவரைப் பற்றி எழுத இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அவர் நன்றாக இருந்தார், சிரித்துக்கொண்டிருந்தார். நான் இந்த இடத்தைத் தாண்டி எழுதுவதாக இல்லை.