தெற்குச் சுவரில் மாட்டிய மச்சான்

உப்பளம், புதுச்சேரி
5-11-1983

மர்செய் நகரில் மனைவி மக்களோடு உயிருடன் வாழ்ந்துவரும் அன்புள்ள மச்சான் தட்சிணாமூர்த்தி அவர்களுக்கு, தங்கை புருஷன் தெய்வசிகாமணி தலை குனிந்து எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுத ஆசைதான். நீங்கள் நலமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டிருக்கிறேன். அதெல்லாம் வழக்கத்துக்குக் கேட்டது. இந்தத் தடவை நிஜமாகவே பதில் வேண்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து புதுச்சேரியில் நீங்கள் இறந்துவிட்டீர்கள். காரியத்தை முடித்தவன் நான்தான். அதற்கு ஓர் ஆணியும் ஒரு சுத்தியலும் போதுமானதாக இருந்தது. இதனால் தை மாதம் நடக்கவேண்டிய நம் பெண் தையல்நாயகியின் கல்யாணம் நின்றுபோகும் நிலைக்கு வந்துவிட்டது.

ஆலையில் டைம்கீப்பராக இருந்தவரை மற்றவர்கள் எப்போது வருகிறார்கள், எப்போது போகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. ஓய்வு பெற்றதும் என்னை அப்படிப் பார்ப்பது உங்கள் தங்கை அஞ்சம்மாளின் வேலையாகிவிட்டது. ஒருநாள் அவள் கண்ணில் படாமல் கடற்கரைப் பக்கம் நடந்தபோது, பழைய பிரெஞ்சு வீடு ஒன்றில் ஓவியக் கண்காட்சி என்று போர்டு. அனுமதி இலவசம், ஃபேன் வேறு சுற்றுகிறது. உள்ளே போனால் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. கல்யாணமான நாள் முதல் யாரும் பேசாத ஓர் அறையை நான் அன்றுதான் பார்த்தேன். கலை மீது எனக்கு மோகம் பிறந்தது அங்கேதான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதையும் அங்கேயே ஆரம்பித்தது.

எங்கள் தெருப் படிப்பகத்துக்கு ஆண்டு விழா வந்தது. வழக்கமாகக் கோலப்போட்டி வைப்பார்கள். நான் எழுந்து, “அன்றும் இன்றும், அபூர்வப் படங்களின் கண்காட்சி” என்று அறிவித்துவிட்டேன். அறிவித்த பிறகுதான் படம் ஒன்றுகூடக் கையில் இல்லை என்பது ஞாபகம் வந்தது. வீடு வீடாக அலைந்தேன். இடுப்பில் பிரெஞ்சுக்காரர் மாதிரி பட்டுக்கச்சை கட்டிய கண்ணாடி ஓவியக் கிருஷ்ணன் கிடைத்தான். அட்டையில் செய்த ஏரோப்ளேனில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையாட்டும் ஒரு தம்பதி கிடைத்தார்கள். ஸ்டூடியோ ராமலிங்கம், ஒரே ஆள் தனக்குத் தானே டீ ஊற்றிக் கொடுக்கும் தந்திரப் படம் ஒன்றும், யாரோ எடுத்துக்கொண்டு போகாமல் விட்ட குடும்பப் படம் ஒன்றும் கொடுத்தார். அந்தக் குடும்பப் படத்தைப் பார்த்து மெய்சிலிர்த்துப் போனேன். நடுவில் நாற்காலியில் ஒரு பெரியவர். சுற்றிலும் எல்லார் முகத்திலும் கலவரம், அவர் முகத்தில் மட்டும் அப்படி ஓர் அமைதி. “உலகத்தைத் துறந்த பார்வை ராமலிங்கம்!” என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை.

உங்கள் படமும் வேண்டும் என்று தோன்றியது. சைகோனில் ராணுவ உடுப்போடு, பாடம் பண்ணிய புலி மேல் ஒரு காலை வைத்து நீங்கள் எடுத்துக்கொண்டது. உங்களைவிடப் புலி அதிகமாகப் பயந்திருக்கும். அஞ்சம்மாளின் டிரங்குப் பெட்டியிலிருந்து அவளைக் கேட்காமல் எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டேன்.

பழைய படங்கள் ஒரு சுவரில், புதுப் படங்கள் எதிர்ச்சுவரில் என்று பிரித்தேன். பழையவற்றுக்குத் தெற்குச் சுவர். தெற்குச் சுவரில் செத்தவர்கள் படத்தைத்தான் மாட்டுவார்கள் என்பது நம் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். ஆனால் வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுந்தது, நானும் அன்று கலைஞனாக இருந்தேன். எந்தப் படத்துக்குக் கீழும் பெயர் எழுதவில்லை. பெயர் எழுதினால் ஜனங்கள் படத்தைப் பார்க்காமல் எழுத்தைப் படிப்பார்கள் என்று பிரசங்கம் வேறு செய்தேன்.

முதலில் வந்தவள் பூக்காரி அன்னக்கிளி. தெற்குச் சுவரைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “இத்தினி பேரையும் பூ இல்லாம அம்போன்னு உட்டுட்டீங்களே, பாவம்” என்று கூடையைக் காலி செய்து ஒவ்வொரு சட்டத்துக்கும் சரம் போட்டுவிட்டாள். நெற்றியில் குங்குமமும் வைத்தாள். பிறகு வந்தவர்கள் சூடம் கொளுத்தினார்கள். கலைக்கு நம் ஜனங்கள் இவ்வளவு மரியாதை செய்கிறார்களே என்று பூரித்துப்போனேன். எதிர்வீட்டுப் பூவாயி உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, “ஐயோ, நம்ம தச்சணாமூர்த்தி அண்ணனா!” என்று மாரில் அடித்துக்கொண்டாள். நான் ராமலிங்கத்தின் காதில், “பார்த்தீரா, நல்ல படம் இப்படித்தான் மனசை உலுக்கும்” என்றேன். மச்சான், என்னைப் போன்ற மடையனை நீங்கள் பிரான்சிலும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அழுகைச் சத்தம் கேட்டு அஞ்சம்மாள் ஓடிவந்தாள். உங்கள் கடிதத்தை அதற்கு முந்தின வாரம்தான் படித்தவள், மாலையைப் பார்த்ததும் அவளும் உட்கார்ந்து அழுதுவிட்டாள். பிறகு ஏன் என்று கேட்டதற்கு, “எல்லாரும் அழுவும்போது கூடப் பொறந்தவ நான் மட்டும் சும்மா நின்னா என்னா நெனைப்பாங்க?” என்றாள். அந்த நேரம் பார்த்து, கருவடிக்குப்பத்திலிருந்து கண்காட்சி பார்க்க நான் அழைத்திருந்த மாப்பிள்ளையின் அப்பா காத்தவராயன் உள்ளே நுழைந்தார்.

அதே சமயத்தில் எதிர்ச்சுவரில் இன்னொரு கூத்து. நாற்காலிப் பெரியவரைப் பார்த்து, “உட்கார்ந்திருக்கும் கம்பீரத்தைப் பாருங்கள்” என்று நான் விளக்கிக்கொண்டிருக்கையில் கூட்டத்திலிருந்து ஒருவர், “அது எங்க நைனா சார். செத்தப்புறம் நாற்காலில குந்த வச்சி எடுத்தது” என்றார். ராமலிங்கத்தைப் பார்த்தேன். “சொல்ல வந்தேன், நீங்கதான் உடலியே” என்றார்.

காத்தவராயனிடம் ஓடினேன். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவர் அசையவில்லை.

“கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு சாவ மறைக்கிறீங்க. தாய்மாமன் போன வீட்ல அதுக்குள்ள எப்படிங்க தாலி கட்டறது?”

கடிதத்தைக் காட்டினேன்.

“சாவறதுக்கு முன்னாடி போட்டிருப்பாரு.”

புதிதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன் என்றேன்.

“குந்த வச்ச போட்டோவ நானுந்தான் இப்பப் பாத்தனே!”

நான் மறுக்க மறுக்க உங்கள் சாவு உறுதியாகிக்கொண்டே போகிறது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் சிரித்துப் பேசினேன். துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். அஞ்சம்மாள் என்னோடு பேசுவதில்லை. ஆசைப்பட்ட மௌனம் கிடைத்துவிட்டது, ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. தையல்நாயகி நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை. ஜன்னல் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என் பவிசுக்கு அவள் வாழ்வு பலியாகிறது, மச்சான்.

எனவே நீங்கள் பொங்கலுக்கு முன்னால் எப்படியாவது புறப்பட்டு வாருங்கள். அதிகம் சிரமப்பட வேண்டாம். கருவடிக்குப்பத்தில் அவர் வீட்டு வாசலில் நின்று பலமாக ஒரு தும்மல் போட்டால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். தாங்கள் நூறாண்டு வாழவேண்டும். அதைக் காத்தவராயன் கண்ணில் படும்படி வாழவேண்டும்.

இப்படிக்கு,
இனி வீட்டில் காலண்டர்கூட மாட்டத் துணியாத,
தெய்வசிகாமணி

பின்குறிப்பு: உறை மேல் பிரெஞ்சில் விலாசம் எழுதத் தையல்நாயகியிடம் கொடுத்தேன். அவள் கடிதத்தைப் படித்துவிட்டு, “மாமாவ வரச் சொல்லாதப்பா” என்றாள். ஏன் என்று கேட்டேன். “நேத்து பஸ் ஸ்டாப்புல அந்த மாப்பிள்ள வந்து நின்னாரு. மாமாவுக்கு என்னா ஆச்சின்னு ஒரு வார்த்த கேக்கல. ‘ஒங்க மாமா செத்தது நெசம்னா என்னைப் பிரான்சுக்கு யாரு கூப்டுக்குவா’ன்னு கேட்டாரு. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்ப்பா.” சொல்லும்போது அழுதாள். அழுது முடித்ததும் முகம் தெளிந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. அடுப்படியிலிருந்து அஞ்சம்மாள் வந்து, ஒரு வாரத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசினாள்: “நாம நிறுத்துனா ஊரு நம்ம பொண்ணத்தான் பேசும். அண்ணன் வராம இருந்தா அவுங்களே நிறுத்திப்பாங்க. செத்ததாப் பேசுனா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க, அண்ணனுக்கும் நல்லதுதான்.” ஆகையால் மேலே எழுதியது எதையும் மனசில் வைத்துக்கொள்ளாமல், தை முடியும் வரை தயவுசெய்து இறந்தே இருங்கள். முப்பதாம் நாள் படையல் எப்போது என்று தெருவில் கேட்கிறார்கள், தட்ட முடியவில்லை. உங்களுக்குப் பிடித்ததைத்தானே படைக்கவேண்டும்; வஞ்சிர மீனா, கோழியா என்று அஞ்சம்மாள் கேட்கச் சொன்னாள். அதை மட்டும் ஒரு வரி, கையெழுத்துப் போடாமல், உடனே எழுதி அனுப்புங்கள்.