கடைவாய்ப் பல்லுக்கு நாலு வழி

“நிறுத்துங்க! முதல்ல அதை நிறுத்துங்க!”

பல் மருத்துவரின் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார் தச்சர். டிரில் இன்னும் அவர் வாய்ப்பக்கமே வரவில்லை, காற்றில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இருபது வருடமாக ஊரார் சுவர்களிலும் கதவுகளிலும் ஓட்டை போட்டவர் அவர். கை கொஞ்சம் வழுக்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா?

“இன்னைக்கும் ஓடிப்போனீங்கன்னா அப்புறம் பல்லையே பிடுங்க வேண்டியதுதான்” என்றார் டாக்டர். முகக்கவசத்துக்குள் குரல் கம்மியது.

“வேற வழியே இல்லையா?”

டாக்டர் சட்டென்று டிரில்லை வைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “ஏன் இல்லை? லேசர் இருக்கு. இந்தச் சத்தமெல்லாம் கிடையாது.”

“அப்ப அதையே பண்ணிடுங்க.”

“ஆனா கருகுற வாடை வரும். கருகுறது நம்ம பல்லுன்னு தெரியும்போது...” டாக்டருக்கே உடம்பு சிலிர்த்தது.

பட்டறையில் பிளேடு சிக்கிப் புகைந்த பலகை தச்சரின் நினைவுக்கு வந்தது. “வேணாம். அடுத்து?”

“ஜெல். தடவினா சொத்தை இளகிடும். ஊசிகூட பெரும்பாலும் தேவைப்படாது.”

“பழைய பெயின்டை எடுக்கிற மாதிரி!” தச்சரின் முகம் மலர்ந்தது. “தானா வழிஞ்சிடுமா?”

“சுரண்டணும். இந்தக் கரண்டியால.”

டாக்டர் தூக்கிக் காட்டியதை யாரும் கரண்டி என்று சொல்லமாட்டார்கள். தச்சர் கண்ணுக்கு அது சாட்சாத் உளி.

“ஜெல் இல்லாம வெறும் கரண்டியாலயே எடுக்கிறதும் உண்டு. என்ன, ரொம்ப நேரமாகும். நடுவுல தும்மல் கிம்மல் வந்துட்டா...”

“டாக்டர், நீங்க தைரியம் சொல்றீங்களா, கிலி கிளப்புறீங்களா?”

“உள்ளதைச் சொல்றேன்” என்று இடது கன்னத்தைத் தடவிக்கொண்டார் டாக்டர்.

தச்சரின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வலி காது வரை ஏறியிருந்தது. புகை, பெயின்ட், உளி என்று மூன்றும் கண்முன் வந்து போயின.

“டிரில்லே போடுங்க” என்று கண்களை இறுக மூடினார். “அதுவாவது நமக்குப் பழக்கப்பட்ட ஆளு.”

வாயைத் திறந்து காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்தால், டாக்டர் அவர் முகத்தருகே குனிந்து நின்றிருந்தார்.

“நிஜமாவே டிரில்தானா? நல்லா யோசிச்சீங்களா?”

ஊசியோடு வந்த நர்ஸ் பெருமூச்சு விட்டாள்.

“எப்படி இருந்துச்சுன்னு மறைக்காம சொல்லிட்டுப் போங்கண்ணே. இதுல எதைப் பண்ணிக்கிறதுன்னு தெரியாம ஆறு மாசமா டாக்டரும் ஒரு சொத்தைப் பல்லை வச்சுக்கிட்டு முழிக்கிறார்.”